காற்றுக்கும் மராமத்து வேண்டும்

அணையைக் கட்டிவிட்டால் மட்டும் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது என்பதை நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906-ம் வருஷத்தில் கட்டி முடிந்தது. அன்று முதல் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளின் நெல் வயல்களைக் காத்து வந்தது அந்த அணையின் கல் மட்டுமல்ல. கால்வாயில் இறங்கித் தூர் வாரியவனின் மண்வெட்டியும், மதகைத் திறந்து மூடியவனின் விழிப்புமே அதற்குச் சரிபாதிக் காரணமாகும். தூர் வாராத வருஷத்தில் தலைமடைக்காரன் எப்படியோ பிழைத்துக் கொள்வான். கடைமடைக்காரன் பயிர்தான் கருகும். தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக அறிந்துள்ள இந்த உண்மையை, காற்று விஷயத்தில் மட்டும் நாம் ஏன் மறந்திருக்கிறோம்?

காற்றுக்குமா கால்வாய் என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர்கள் இன்றைய பெரிய கட்டடம் ஒன்றின் மேல் தளத்துக்கோ, பின்புறத்து யந்திர அறைக்கோ ஒரு முறை சென்று பார்க்கட்டும். ஜன்னல் இல்லாத ரண சிகிச்சை அறைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுகள், சினிமாக் கொட்டகைகள், பல மாடி ஜவுளிக் கடைகள், திருமண மண்டபங்கள் ஆகிய இவற்றினுள் இருக்கும் மனிதர்கள் சுவாசிக்கும் காற்று தானாக வருவதன்று. ஒரு பெரிய தகரப் பெட்டி அதை உறிஞ்சி, வடிகட்டி, குளிர்வித்து, குழாய்களின் வழியே அறைதோறும் அனுப்புகிறது. இதனைத் தொழிலாளர்கள் ‘ஏ.எச்.யூ.’ என்று வழங்குகிறார்கள். காற்று யந்திரம் என்று நாம் சொல்லுவோம். இந்த யந்திரத்தை வாங்குவதற்கு மகஜர் அனுப்புகிறோம், நிறுவியதும் திறப்பு விழா நடத்துகிறோம், மாலை போடுகிறோம், புகைப்படம் எடுத்துக் கொள்கிறோம். மறுநாள் முதல் அதைத் துடைப்பவன் யார், அதன் வடிகட்டியை மாற்றுபவன் யார், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார் இல்லை. இதுவே நாம் இன்று பிரஸ்தாபிக்க விரும்பும் விஷயம்.

யந்திரத்தின் வேலை இன்னதென்று முதலில் தெரிந்து கொள்வது அவசியம். அறைகளிலிருந்து திரும்பி வரும் பழைய காற்றும், வெளியிலிருந்து வரும் புதுக் காற்றும் அந்தப் பெட்டியின் முதல் அறையில் கலக்கின்றன. எது எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை ‘டாம்பர்’ என்னும் தகட்டுக் கதவுகள் நிர்ணயிக்கின்றன. இவையே காற்றுக் கால்வாயின் மதகுகள். கலந்த காற்று வடிகட்டிகளைக் கடந்து, குளிர்ந்த நீர் ஓடும் செப்புக் குழாய்ச் சுருளின் மீது படிகிறது. ‘காயில்’ என்னும் இச்சுருளில் பட்டதும் காற்றின் சூடு குறைகிறது. அதிலுள்ள ஈரம் நீராகி, கீழேயுள்ள தட்டில் சொட்டி, குழாய் வழியே வெளியேறுகிறது. பிறகு ‘புளோயர்’ என்னும் விசிறிச் சக்கரம் அக்காற்றைத் தகரக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. ரண சிகிச்சை அறையானால், காற்று கூரையிலிருந்து இறங்கும் இடத்தில் ‘ஹெப்பா’ என்னும் மற்றொரு நுண் வடிகட்டியும் உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒரு கூற்றின் பத்தில் மூன்று பங்கே பருமனுள்ள தூசியில்கூட 100-க்கு 99.97 பங்கைத் தடுத்து நிறுத்துவது அதன் லட்சணம்.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் சுவையானது. 1902-ல் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில், காற்றின் ஈரத்தால் காகிதம் நீண்டும் சுருங்கியும் வர்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக வில்லிஸ் காரியர் என்ற இளம் இஞ்சினீயர் காற்றைக் குளிர்வித்து ஈரத்தைக் கட்டுப்படுத்தும் முறையை வகுத்தார். ஆக, முதலில் காப்பாற்றப்பட்டது காகிதம். மனிதனுடைய முறை பிறகுதான் வந்தது. இன்றுங்கூடப் பல இடங்களில் கணக்கு யந்திரங்கள் இருக்கும் அறைக்குக் கிடைக்கும் சிரத்தை நோயாளி படுத்திருக்கும் அறைக்குக் கிடைப்பதில்லை என்பதைக் காணும்போது, அந்தப் பழைய வரிசை முற்றிலும் மாறிவிடவில்லையோ என்று தோன்றுகிறது.

காற்றின் வழியே நோய் செல்லும் என்பது இன்று ஊகமன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் 1956 முதல் சில வருஷங்கள் ரிச்சர்டு ரைலி, வில்லியம் வெல்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் அரிய பரீட்சை நடத்தினார்கள். க்ஷயரோகிகள் படுத்திருந்த ஒரு சிறிய வார்டின் காற்றைக் குழாய் வழியே மேல் தளத்துக்குக் கொண்டு சென்று, அங்கே கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகள் சுவாசிக்கச் செய்தார்கள். நோயாளிகளை ஒரு நாளும் நெருங்காத அந்தப் பிராணிகள் க்ஷயத்தால் பீடிக்கப்பட்டன. அதே காற்றைப் புற ஊதாக் கதிரால் சுத்தம் செய்து அனுப்பிய கூண்டுகளில் நோய் தோன்றவில்லை. குழாய் ஒன்றுதான்; அதன் வழியே மரணமும் செல்லலாம், ஆரோக்கியமும் செல்லலாம். எது செல்ல வேண்டும் என்பதை நிர்ணயிப்பது மனிதனுடைய கவனமே என்று அந்தப் பரீட்சை நிரூபித்தது. 2020-ம் வருஷம் ஜனவரியில் சீனாவின் குவாங்சௌ நகரத்து உணவு விடுதி ஒன்றில், அடுத்தடுத்த மூன்று மேஜைகளில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குக் கொரோனா கண்டது. வெளிக்காற்று புகாத அறையில் குளிர்சாதனம் அதே காற்றையே சுற்றிச் சுற்றி வீசியதே அங்கே நோய் பரவத் துணை புரிந்தது என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

இவ்விஷயத்தில் நமது ஜில்லாவுக்கு விசேஷமான சம்பந்தம் உண்டு. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நிற்கிறது. அந்தக் கல்லூரி 2001-ல் ஏற்பட்டது. அதற்கு முன் அவ்விடம் க்ஷயரோக ஆஸ்பத்திரியாக இருந்தது என்பதை முதியவர்கள் அறிவார்கள். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் க்ஷயரோகிக்கு வைத்தியர்கள் கொடுத்த பிரதான சிகிச்சை நல்ல காற்றும் வெளிச்சமுமே. இன்று அங்கே ஏழை மக்கள் ஜில்லாவின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். கடற்கரையிலிருந்து மீனவர் வருகிறார். ரப்பர்த் தோட்டத்திலிருந்து பால் வெட்டுபவர் வருகிறார். நாஞ்சில் வயல்களிலிருந்து கூலியாள் வருகிறார். வெளியே சென்று பணம் கொடுத்து வேறு காற்றை வாங்கிச் சுவாசிக்கும் வசதி இவர்களில் எவருக்கும் இல்லை. இந்த ஒரு ஆஸ்பத்திரியைச் சுட்டி நாம் குற்றம் கூற முற்படவில்லை. நாம் சொல்லப்போவது சர்க்கார் ஸ்தாபனங்கள், தனியார் ஸ்தாபனங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் ஏழையின் ஆஸ்பத்திரியை முன் வைத்தே இப்பிரச்னையை ஆலோசிப்பது நியாயம். கடைமடைக்காரன் அவனே அல்லவா?

ரண சிகிச்சை அறையில் காற்று மணிக்கு 20 தடவை மாற வேண்டும், அதில் 4 தடவைக்குக் குறையாமல் வெளியிலிருந்து வரும் புதுக் காற்றாக இருக்க வேண்டும் என்பது பல தேசங்களும் பின்பற்றும் நியதி. அந்த அறையின் காற்று அழுத்தம் வெளித் தாழ்வாரத்தின் அழுத்தத்தைவிடச் சற்றே அதிகமாக இருக்க வேண்டும். அப்பொழுதுதான் கதவு திறக்கும் போது சுத்தக் காற்று வெளியே செல்லுமேயன்றி, அசுத்தக் காற்று உள்ளே வராது. க்ஷயம் போன்ற தொற்று நோயாளியின் தனியறையிலோ நேர் எதிரான ஏற்பாடு வேண்டும். அங்கே அழுத்தம் குறைவாக இருந்து, காற்று உள்நோக்கியே செல்ல வேண்டும். மணிக்கு 12 தடவையாவது மாற வேண்டும். இந்த இரண்டு அறைகளில் காற்றின் திசை புரண்டுவிட்டால் என்ன நேரும் என்று வாசகர்கள் யோசித்துப் பார்க்கட்டும். ரண அறையில் வயிறு திறந்து கிடக்கும் மனிதன் மீது தாழ்வாரத்துத் தூசி படியும். தனியறையின் கிருமி தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாய்மார்களையும் குழந்தைகளையும் தேடிச் செல்லும்.

இங்கேதான் இந்த யந்திரத்தின் பொல்லாத குணம் வெளிப்படுகிறது. பஸ் கெட்டால் நடுரோட்டில் நிற்கும். விளக்குக் கெட்டால் இருட்டாகும். குழாய்க் கிணறு கெட்டால் குடத்துடன் பெண்கள் தெருவுக்கு வருவார்கள். காற்று யந்திரம் கெட்டால் கூச்சல் போடாது. ஓடுவது போலவே ஓடிக் கொண்டிருக்கும். மூன்று மின் கம்பிகளில் ஓடும் மோட்டாரைப் பழுது பார்த்தவன் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிக் கட்டிவிட்டால், விசிறிச் சக்கரம் தலைகீழாகச் சுழலும். ஆனாலும் காற்று வந்து கொண்டுதான் இருக்கும். சக்கரத்தின் அமைப்பு அப்படி. வர வேண்டிய அளவு வெகுவாகக் குறைந்திருக்கும். அறையில் கையை நீட்டிப் பார்ப்பவனுக்கோ ஏதோ காற்று வருகிறது என்ற திருப்தி ஏற்பட்டுவிடும். பெல்ட் தளர்ந்தாலும் இதே கதிதான். வடிகட்டியில் தூசி அடைத்தாலும் இதே கதிதான்.

வடிகால் தட்டின் சங்கதி இன்னும் விசித்திரமானது. விசிறி காற்றை உறிஞ்சும் பக்கத்தில் அந்தத் தட்டு இருப்பதால், வடிகால் குழாயில் நீர் நிற்கும் வளைவு ஒன்று அவசியம். அந்த வளைவு இல்லாமற் போனாலும், வற்றிப் போனாலும், வெளிக்காற்று வடிகால் வழியே உள்ளே பாய்ந்து, தட்டிலுள்ள நீரை வெளியேற விடாமல் தடுக்கும். நீர் தேங்கும், பாசி பிடிக்கும், பூஞ்சைக் காளான் பூக்கும். அந்த நீரைத் தடவிக் கொண்டு செல்லும் காற்றே நோயாளியின் மூக்குக்குப் போய்ச் சேரும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவ மழைகளையும் பெறும் நமது ஜில்லாவில் காற்றின் ஈரம் அதிகம். ஆகையால் சொட்டும் நீரும் அதிகம். கடலோரத்து உப்புக் காற்றோ சுருளின் அலுமினியத் தகடுகளை அரித்துத் தின்னும். வறண்ட ஊருக்கு எழுதிய பராமரிப்பு அட்டவணையை அப்படியே முக்கடல் சேரும் சீமைக்கும் ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது அறிவுடைமையாகாது.

நோயைவிட விரைவில் கொல்லும் ஆபத்தும் இந்தக் குழாய்களில் உண்டு. டில்லி உபஹார் சினிமாவில் 1997 ஜூன் 13-ந் தேதி 59 பேர் மாண்டார்கள். கல்கத்தா டாக்குரியாவில் உள்ள ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியில் 2011 டிசம்பர் 9-ந் தேதி விடியற்காலையில் ஏறக்குறைய 90 பேர், பெரும்பாலும் படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள், உயிர் இழந்தார்கள். இரண்டு இடங்களிலும் நெருப்புப் பற்றியது கீழே. மக்கள் மடிந்தது மேலே. அவர்களை எரித்தது நெருப்பல்ல. மூச்சை அடைத்தது புகை. மாடிப்படிகளைப் போலவே குளிர்சாதனக் குழாய்களும் அந்தப் புகைக்குப் பாதையாயின. புகை வந்தவுடன் விசிறியை நிறுத்துவதற்கும், குழாயின் குறுக்கே தகட்டுக் கதவு தானே விழுவதற்கும் சாதனங்கள் இருக்கின்றன. ஆனால் மாதம் ஒரு முறையாவது இயக்கிப் பார்க்காத கதவு, துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிடும். கதவு இருக்கிறது என்று காகிதத்தில் எழுதி வைப்பதனால் புகை திரும்பிப் போய்விடுமா?

இவ்வளவு தெரிந்திருந்தும் பராமரிப்பு ஏன் நடப்பதில்லை? பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடப்பதே முதற் காரணம் என்று நாம் கருதுகிறோம். தமிழ்நாட்டில் சர்க்கார் கட்டடங்களைப் பராமரிப்பது பொதுப்பணித் துறையின் வேலை. மருந்துகளையும் வைத்தியக் கருவிகளையும் வாங்கித் தருவது 1994-ல் ஏற்பட்ட மருத்துவப் பணிகள் கழகம். ஆஸ்பத்திரியை நடத்துவது டாக்டர்கள். யந்திரத்தைத் துடைப்பதோ பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆட்கள். காற்று யந்திரம் கட்டடத்தைச் சேர்ந்ததா, வைத்தியக் கருவியைச் சேர்ந்ததா? இரண்டுமே ஆகும், ஆகையால் எவருடையதும் அல்லாததாகப் போய்விடும் அபாயம் உண்டு. டாக்டர் இஞ்சினீயரைக் காட்டுவார். இஞ்சினீயர் காண்ட்ராக்டரைக் காட்டுவார். காண்ட்ராக்டர் வந்து சேராத பாக்கிப் பில்லைக் காட்டுவார். நோயாளிக்குக் காட்டுவதற்கு எவரும் இல்லை.

இரண்டாவது காரணம், இந்த வேலையைச் செய்கிறவனை நாம் மதிப்பதில்லை. இரண்டாயிரம் ரூபாய் வடிகட்டியை மாற்றுவதற்கு எதற்குப் படிப்பு என்று கேட்கிறோம். உண்மையில் அவன் செய்ய வேண்டிய வேலை சிறிதன்று. பெட்டிக்குள் நுழையுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தி, பூட்டி, சாவியைத் தன் மடியிலேயே வைத்துக் கொண்டு, ‘வேலை நடக்கிறது’ என்ற பலகையைத் தொங்கவிட வேண்டும். இல்லையேல் வேறொருவன் அறியாமல் சுவிட்சைப் போட, சக்கரத்தில் கை போகும். வடிகட்டியின் இரு புறத்து அழுத்த வித்தியாசத்தை மானியில் படித்து எழுத வேண்டும். நுண் வடிகட்டியில் அது புதிதில் இருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கானால் மாற்றும் காலம் வந்ததென்று அறிந்து சொல்ல வேண்டும். காயிலை, தகடு மடங்காதபடி, மிதமான நீரால் கழுவ வேண்டும். தட்டையும் வடிகால் வளைவையும் சோதிக்க வேண்டும். பெல்ட்டை அழுத்திப் பார்த்து, பேரிங்குக்கு அளவாக கிரீஸ் இட வேண்டும். வெளிக்காற்று புகும் வாயிலின் அருகே யாராவது குப்பைத் தொட்டியையோ டீசல் ஜெனரேட்டரின் புகைக் குழாயையோ கொண்டு வந்து வைத்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். அழுக்கேறிய பழைய வடிகட்டியை உதறாமல், முகமூடியுடனும் கையுறையுடனும் பையில் கட்டி அகற்ற வேண்டும். ஏனெனில், வார்டு முழுவதும் உமிழ்ந்த கிருமி அதில் குடியிருக்கக் கூடும். இவ்வளவையும் செய்கிறவன் கூலியாளா, வைத்தியனின் துணைவனா? துணைவன்தான் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கோணத்தில் சர்க்கார் தொழிற் பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. நமது இளைஞர்கள் வளைகுடா நாடுகளின் மாளிகைகளுக்குச் சென்று இதே வேலையைத் திறம்படச் செய்து, புகழும் பொருளும் சம்பாதிக்கிறார்கள். அங்கே சென்று அரபு நாட்டாரின் காற்றைச் சுத்தம் செய்யத் தெரிந்தவனுக்கு, இங்கே தன் தாயார் படுத்திருக்கும் வார்டின் காற்றைச் சுத்தம் செய்ய நிரந்தரமான ஓர் உத்தியோகம் இல்லை என்றால், அது திறமையின் பஞ்சம் அல்ல, ஏற்பாட்டின் பஞ்சம்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தூசி அடைத்த வடிகட்டியையும், அழுக்கேறிய சுருளையும் வைத்துக் கொண்டு யந்திரத்தை ஓட்டுவது, புல் முளைத்த வாய்க்காலில் தண்ணீர் இறைப்பது போன்றது. உழைப்பு அதிகம், பயன் சொற்பம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இயற்கை இலவசமாக அனுப்பும் காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரத்தை அழுக்கு வடிகட்டியோடு மல்லுக்கட்டும் விசிறிக்குக் கொடுத்து வீணாக்குவதைப் போன்ற பரிகாசம் வேறில்லை. சிக்கனம் என்று சொல்லி இரவில் ரண அறை யந்திரத்தை அடியோடு நிறுத்திவிடுவதும் தவறான சிக்கனம். நிறுத்திய உடனே அறையின் அழுத்தம் போய்விடுகிறது. தாழ்வாரத்துக் காற்று உள்ளே வருகிறது. வேலையில்லாத நேரத்தில் விசிறியின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே முறை. வேகத்தைப் பாதியாக்கினால், விசிறி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பது யந்திர சாஸ்திரத்தின் விதி. அறிவைச் செலவழித்தால் பணம் மிஞ்சும். அறிவை மிச்சம் பிடித்தால் உயிர் செலவாகும்.

மற்றொரு ஆட்சேபமும் கவனிக்கத் தக்கது. ஏழை தேசத்துக்கு இந்த ஆடம்பரம் எதற்கு, ஜன்னலைத் திறந்தால் போதாதா என்று நமது நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். பல இடங்களில் போதும் என்பதே நமது பதில். தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள், மந்திரசாலையில் நுழைந்ததும் உடலில் படும் குளுமையை மறக்க மாட்டார்கள். மரச் சட்டங்களின் இடுக்குகளின் வழியே காற்றை அழைத்து வெயிலைத் தடுத்த நமது தச்சர்கள் எந்த மின்சாரத்தையும் நம்பியிருக்கவில்லை. பெரு தேசத்தின் லிமா நகரத்து ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் உடைய பழைய வார்டுகளில் ஜன்னல்களைத் திறந்து வைத்தால், யந்திரக் காற்றோட்டம் உள்ள புதிய அறைகளைக் காட்டிலும் அதிகக் காற்று மாறுகிறது என்று கண்டார்கள். ஜன்னல் வழிக் காற்றோட்டத்தை நம்பும் தொற்று நோய் அறைகளில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 160 லிட்டர் காற்றாவது வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ல் அளவு வகுத்துக் கொடுத்தது. ஆகவே, பொது வார்டுகளிலும் புற நோயாளிகள் காத்திருக்கும் கூடங்களிலும் ஜன்னலை அடைத்து, கண்ணாடியைப் பதித்து, ‘ஏ.ஸி. செய்துவிட்டோம்’ என்று பெருமை கொள்வது முன்னேற்றமாகாது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஓகிப் புயல் நமது ஜில்லாவைத் தாக்கியபோது மின் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் திறக்கக் கூடிய ஜன்னலின் அருமை தெரியும். ஆனால் ரண சிகிச்சை அறைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் ஜன்னல் போதாது. தெருவின் புழுதியும் ஈயும் அங்கே நுழையலாகாது. ஜன்னல் போதுமான இடத்தில் ஜன்னல், யந்திரம் இன்றியமையாத இடத்தில் யந்திரம், எங்கே யந்திரமோ அங்கே இடைவிடாத மராமத்து. இதுவே நமது கொள்கை.

அதிகாரிகள் செய்ய வேண்டியவை பலவல்ல, நான்கு தான். முதலாவது, காற்று யந்திரம் வாங்கும் உத்தரவிலேயே பத்து வருஷப் பராமரிப்புச் செலவையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். பராமரிக்கப் பணமில்லாத யந்திரத்தை வாங்குவது, தீனிக்கு வழியில்லாதவன் யானை வாங்குவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் காற்றுக்குப் பொறுப்பாளர் என்று ஒருவரை நியமித்து, அவருக்கு வடிகட்டி வாங்கும் அதிகாரத்தையும், அழுத்தம் தவறிய ரண அறையை மூடச் சொல்லும் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும். அதிகாரமில்லாத பொறுப்பு வெறும் பலிபீடமே. மூன்றாவது, இந்த வேலையைச் செய்பவர்கள் பயிற்சி பெற்றவர்களாகவும், நியாயமான சம்பளமும் பாதுகாப்புச் சாதனங்களும் உடையவர்களாகவும் இருக்க வேண்டும். நான்காவது, வடிகட்டி மாற்றிய தேதி, அறையின் அழுத்தம், காற்று மாறும் அளவு, புகைக் கதவைச் சோதித்த நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி, வார்டு வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட வேண்டும். ரேஷன் கடையில் இருப்புப் பலகை வைக்கச் சொல்லும் சர்க்காருக்கு, ஆஸ்பத்திரியில் காற்றுப் பலகை வைப்பது கஷ்டமான காரியமாகாது.

முடிவாக, பொதுஜன ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மந்திரிகளிடமும் கலெக்டரிடமும் மகஜர் எடுத்துச் செல்கிறீர்கள், புதுக் கட்டடம் கேட்கிறீர்கள், புது யந்திரம் கேட்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த முறை கேட்கச் செல்லுமுன், ஏற்கெனவே இருக்கும் யந்திரத்தின் வடிகட்டி எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று விசாரியுங்கள். ரண அறைக் கதவின் அடி இடுக்கில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துக் காட்டும்படி ஆஸ்பத்திரித் தலைவரைக் கேளுங்கள். அது வெளிப்புறம் பறந்தால் சந்தோஷம். உட்புறம் இழுக்கப்பட்டால் உங்கள் மகஜரின் முதல் வாசகம் எழுதப்பட்டுவிட்டது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கேட்கும் துணிவு ஒன்று போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு பராமரிப்புப் பதிவேட்டின் நகலைக் கோருங்கள்.

திறப்பு விழாவுக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, மராமத்து நாளன்று வந்து நின்றால் போதும். தேசத்தின் பாதி யந்திரங்கள் பிழைத்துவிடும். கால்வாய் கரைமீது நின்று ‘தண்ணீர் ஏன் வரவில்லை?’ என்று அதட்டிக் கேட்கத் தெரிந்தவர்கள் நாஞ்சில் நாட்டார். தண்ணீர் வற்றினால் பயிர் சில நாட்களாவது தாங்கும். காற்றுக் கெட்டால் மனிதன் தாங்க மாட்டான். அதே குரலில், அதே உரிமையுடன், ‘எங்கள் காற்று ஏன் சுத்தமாக வரவில்லை?’ என்று கேட்கும் நாள் வர வேண்டும். கேட்பார் இருந்தால் செய்வாரும் இருப்பார்கள்.